திண்ணையும் எழுத்தும்

முன்னாளில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஆசானின் வீட்டுத் திண்ணையே பள்ளியாக விளங்கிற்று. சிறுவர் மணலைப் பரப்பி விரலால் எழுதுவர். எழுதும்போதே எழுத்தின் ஒலியை வாய்விட்டுச் சொல்லுவர். மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடஞ் சொல்லுவான். அதனால் அவன் கல்வியும் உறுதிப்பட்டது.

சென்னை எழும்பூரில், படைவீரரின் ஆதரவற்ற சிறுவர்க்கென அமைந்த விடுதியின் பொறுப்பை 1789 ஆம் ஆண்டில் ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்ட அவர், அம்முறையைத் தம் விடுதியிலும் கைக்கொண்டார். 1797 இல் இலண்டனில் அதுபற்றி நூலும் வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயரால் அஃது இங்கிலாந்தில் பரவிற்று. ஆயின் அங்கே பெரிதும் விரும்பப்பட்டது அதன் சிக்கனமே. ஓராசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோர்க்குக் கற்பிக்கலாமன்றோ!

திண்ணைக் கல்வியின் உயிர்நிலை வேறு. பாடம் தெருவில் ஒலித்தது, வழிச்செல்வோரும் கேட்டனர். எண்சுவடி பயின்ற சிறுவனுக்குக் கடையிலும் களத்திலும் அது பயன்பட்டது. எழுத்து ஊர் வாழ்வோடு இயைந்து நின்றது.

ஆனால், அவ்வொலியைக் கேட்டும் திண்ணையில் ஏற இயலாதார் பலர். பிறப்பால் தாழ்த்தப்பட்டோர்க்கும் பெண்மக்களுட் பெரும்பாலோர்க்கும் அங்கே இடமில்லை. இக்கொடுமையை மறைத்துப் பழமையைப் புகழ்தல் அறமாகாது.

இன்று பள்ளியின் வாயில் யாவர்க்கும் திறந்துள்ளது. எழுத்தோ, பெரும்பாலும் தேர்வோடு நின்றுவிடுகின்றது. எழுத்தறியாப் பாட்டிமார் இன்றும் பல வீடுகளில் உளர். பிள்ளைகள் மாலையில் தம் பாடத்தை அவர்கள் கேட்க உரக்கப் படிக்கட்டும். அவர்கள் சொல்லும் கதையை எழுதிக்கொள்ளட்டும். மறுநாள் அக்கதையை வகுப்பில் படிக்க ஆசிரியர் அரைநாழிகை ஒதுக்கினாற் போதும்.