மேலை ஒரு மணித்தியாலம்

சூரிச்சில் இருக்கும் பெறாமகனுக்குச் சென்னையில் கலியாணம். புங்குடுதீவு மடத்துவெளிச் சின்னம்மாவைக் கூட்டிப்போகும் பொறுப்பு என்னுடையது. அவன் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "பலாலியில இருந்து சென்னை 355 கிலோமீற்றர்தான் சின்னம்மா. ஒரு மணித்தியாலம் சொச்சம். சும்மா வந்து இறங்குங்கோ" என்றான்.

சும்மாவா? முதல்நாள் இரவு முழுக்க மீன் நிறுக்கிற தராசில் பையைத் தூக்குவதும் இறக்குவதுமாகப் போனது. புழுக்கொடியலும் ஒடியல் மாவும் அரைவாசிப் பாரம். நிறை கூடியபோது சின்னம்மா வெளியில் எடுத்துவைத்தது ஒடியலை அல்ல, தன்ரை சீலைகளை.

காலை ஐந்து மணிக்குப் படலையைச் சாத்தினோம். வாணர் பாலம், வேலணை, பண்ணைப் பாலம், பட்டணம், பிறகு பலாலி றோட்டு. 40 கிலோமீற்றருக்கு மேல். அங்கே வரிசை, ஸ்கானர், இன்னொரு வரிசை. விமானம் ஒன்றரை மணித்தியாலம் பிந்தியது. சென்னையில் குடிவரவு, பிறகு டாக்சி. வடபழனியில் கால் வைத்தபோது பின்னேரம் நாலரை. பெறாமகன் சூரிச் வீட்டுக் கதவைப் பூட்டி, டுபாயில் மாறி, 7,500 கிலோமீற்றர் தாண்டி வந்து சேர 17 மணித்தியாலம். எங்களுக்கு 355க்குப் பதினொன்றரை. "ஒரு மணித்தியாலம்தானே எண்டு சொன்னனான்" என்று சிரித்தான். "ஓம் மோனை, மேலை ஒரு மணித்தியாலம்தான்" என்றார் சின்னம்மா.

ஆனாலும் அவர் முறைப்பாடு சொல்லவில்லை. பழைய கணக்கு அவருக்குத் தெரியும். இரவு பஸ்ஸில் தெற்கே 400 கிலோமீற்றர் கொழும்புக்கு, அங்கிருந்து கட்டுநாயக்கா, பிறகு வந்த திசைக்கே திரும்பி வடக்கே 650 கிலோமீற்றர் பறப்பு. யுத்த காலத்தில் அந்தக் கொழும்புக்கே இருட்டில் கிளாலிக் கடலால் வள்ளத்தில் போனவர். இத்தனைக்கும் ஏர் சிலோன் தன் முதல் பறப்பை 1947 டிசெம்பர் 10ஆம் திகதி இரத்மலானையில் இருந்து சென்னைக்கு விட்டபோது காங்கேசன்துறையில் இறங்கித்தான் போனது. பெயர்தான் காங்கேசன்துறை, இறங்கினது பலாலியில். யுத்தம் அறுத்த அந்தப் பாதை திரும்பத் திறந்தது, பலாலி சர்வதேச விமான நிலையமான 2019 ஒக்ரோபரில். கொரோனா மறுபடி மூடியது. 2022 டிசெம்பரில்தான் சென்னை விமானம் திரும்ப வந்தது.

வரைபடத்தை விரித்தால் எனக்கு இன்னும் எரிச்சல். புங்குடுதீவுக்கு நேர் வடக்கே கடலுக்கு அங்காலை கோடியக்கரை. 80 கிலோமீற்றரும் இல்லை. றோட்டால் போனால் கிளிநொச்சி அதைவிடத் தூரம். சின்னப் பிள்ளையில் எங்கள் வீட்டு றேடியோவுக்குக் கொழும்பைவிடத் திருச்சிதான் தெளிவாகக் கேட்டது.

திரும்பி வரும்போது வாணர் பாலத்தில் சின்னம்மா வானை மறிக்கச் சொன்னார். வீச்சு வலைக்காரன் ஒருவனின் பறியில் இறால் துள்ளிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து சூரிச்சில் இருந்து அழைப்பு. அவன் போய்ச் சேர்ந்து, குளித்து, சாப்பிட்டும் விட்டானாம்.

"வீட்டை போய்ச் சேந்திட்டியளோ?"

"இல்லையடா, பாலத்தில நிக்கிறன். வை போனை, இவன் விலையைக் குறைக்கிறான் இல்லை."