மாலைக் காட்சியைக் கேட்கிறேன்

கலைப்படத்துக்கு ஆள் வராது என்று அடித்துச் சொல்பவர்கள் ஒருநாளாவது புரொஜெக்டர் அறையின் சின்னக் கண்ணாடி வழியாகக் கீழே எட்டிப் பார்த்திருக்க வேண்டும். மவுண்ட் ரோடு பக்கத்துத் தியேட்டர்களில் ஆபரேட்டராக வேலை பார்த்தவன் நான். எங்களுக்குப் படத்தைவிடத் தலைகள்தான் நன்றாகத் தெரியும். எந்தக் காட்சியில் எழுந்து போகிறார்கள், எங்கே அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் விநியோகஸ்தருக்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஓய்வு பெற்ற பிறகு நானும் கீழே வந்து உட்கார்ந்தேன். சென்னை சர்வதேசத் திரைப்பட விழா கேசினோ, உட்லண்ட்ஸ் தியேட்டர்களில் நடந்த வருடங்கள் அவை. 2015 டிசம்பரில் நடக்க வேண்டிய விழா, வெள்ளத்தால் தள்ளிப்போய் 2016 ஜனவரியில் நடந்தது. ஊரில் பல வீடுகளில் சுவர் ஈரம்கூடக் காய்ந்திருக்கவில்லை. ஆனாலும் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, காலையிலேயே வரிசையில் வந்து நின்றார்கள். கல்லூரிப் பிள்ளைகள், உதவி இயக்குநர்கள், என் வயதுக்காரர்கள். 1941இல் திறந்த கேசினோ ஆங்கிலப் படத்துக்குப் பேர்போன இடம். அங்கே ஈரானியப் படத்தைச் சப்டைட்டிலோடு, விசில் சத்தமே இல்லாமல் ஒரு கூட்டம் பார்க்கிறது என்றால், ஆள் இல்லை என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

நேரத்திலிருந்துதான் வந்தது. விழா முடிந்ததும் அதே மாதிரிப் படம் தியேட்டருக்கு வந்தால், அதற்குக் கிடைப்பது காலை பதினொன்றரை மணிக் காட்சி. வேலைக்குப் போகிறவன் எப்படி வருவான்? மூன்றாவது நாள், ‘ஆளே இல்லை சார்’ என்று படத்தைத் தூக்கிவிடுவார்கள். ஒருகாலத்தில் நல்ல மலையாளப் படங்களும் இங்கே காலைக் காட்சியில்தான் ஓடின. பிறகு அந்த நேரத்துக்கு வேறு வகைப் படங்கள் வந்து, ‘காலைக் காட்சி’ என்றாலே முகத்தை மறைத்துக்கொண்டு போகிற நிலைமை ஆனது தனிக்கதை.

நல்ல படத்துக்குச் சரியான காட்சி கிடைக்காதது இன்றைக்கு நேற்று வந்த வியாதி இல்லை. ஜெயகாந்தன் எடுத்த ‘உன்னைப்போல் ஒருவன்’ தேசிய விருது வாங்கியும் தியேட்டர்களில் பரவலாக ஓடவில்லை. ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ 1978 தீபாவளிக்கு வந்தது. அந்தப் பண்டிகைக் கூட்டத்தில் அதை யார் கவனிப்பார்கள்? இன்று அதைக் கொண்டாடாத சினிமாக்காரர் இல்லை. வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் முதல் பரிசான டைகர் விருதைப் பெற்றது. தியேட்டருக்கே வராமல் 2023இல் நேராக ஓடிடிக்குப் போய்விட்டது. வெயிலில் ஒரு அப்பனும் மகனும் நடந்துகொண்டே இருக்கிற படம் அது. அந்த வெட்டவெளியை ஐந்தங்குலக் கைப்பேசியில் பார்த்தவர்கள், பாதிப் படம்தான் பார்த்தார்கள் என்பேன்.

ஆபரேட்டர் என்பதால் இன்னொரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். பழைய படங்களின் சட்டம், அதாவது ஃபிரேம், கிட்டத்தட்ட நாலுக்கு மூன்று, அகலம் குறைவு. சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ அப்படித்தான். அதற்கேற்ற தகட்டைப் புரொஜெக்டரில் மாட்டி, திரையின் இரு பக்கமும் கறுப்புத் துணியை உள்ளே இழுத்துவிட வேண்டும். அந்தச் சிரமத்துக்குச் சோம்பிப் புதுப்படத் தகட்டிலேயே ஓட்டினால், ஆளுக்கு நெற்றி இருக்காது. டிஜிட்டல் வந்த பிறகு தகடு போனது, சோம்பல் போகவில்லை. அடுத்தது இடைவேளை. ‘கொட்டுக்காளி’ மொத்தமே ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பின்னணி இசைகூடக் கிடையாது. ஆட்டோ சத்தத்தையும் சேவல் சத்தத்தையும் வைத்தே இறுக்கிக்கொண்டு போகிற படம். இப்படிப்பட்ட படத்தின் நடுவில் விளக்கைப் போட்டுச் சமோசா விற்பது, ஆலாபனையில் இருக்கும் பாடகரை நிறுத்திக் காபி கொடுப்பது மாதிரி.

இப்படிப்பட்ட படங்களைக் காட்ட மற்ற மாநிலங்களில் அரசே இடம் வைத்திருக்கிறது. கல்கத்தாவில் 1985இல் ராய் திறந்துவைத்த ‘நந்தன்’ தியேட்டர் அரசாங்கத்துடையது. திருவனந்தபுரம் தம்பானூரில் கைரளி, ஸ்ரீ, நிளா தியேட்டர்களைக் கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகமே நடத்துகிறது. பெரிய படமும் ஓட்டுகிறார்கள். டிசம்பர் திரைப்பட விழாவையும் அங்கே நடத்துகிறார்கள். நம் அரசு தமிழில் பெயர் வைத்த படத்துக்கு வரிச்சலுகை கொடுத்திருக்கிறது, சிறு படங்களுக்கு மானியம் கொடுத்திருக்கிறது. எடுப்பதற்குக் காசு கொடுத்தார்களே தவிர, காட்ட இடம் கொடுக்கவில்லை. இத்தனைக்கும் சினிமாக் கொட்டகை வரலாற்றில் நாம் யாருக்கும் பின்தங்கியவர்கள் இல்லை. 1913இல் வந்த எலக்ட்ரிக் தியேட்டர் மவுண்ட் ரோடு தபால் நிலைய வளாகத்தில் தபால்தலைக்காரர்கள் கையில் இருக்கிறது. ரகுபதி வெங்கையா 1914இல் கட்டிய கெயிட்டி இடிந்தே போனது. சஃபையர், ஆனந்த், சாந்தி என்று அந்தச் சாலையில் போனவற்றை எண்ணினால் விரல் போதாது.

எனவே நான் கேட்பது புது மாளிகை அல்ல. மவுண்ட் ரோடு பக்கம் மிச்சமிருக்கிற பழைய தியேட்டர் ஒன்றில், திங்கள் முதல் வியாழன் வரை மாலை ஆறரை மணிக் காட்சியை அரசு வாடகைக்கு எடுக்கட்டும். நட்சத்திரப் படத்துக்கே முதல் வாரம் தாண்டிவிட்டால் திங்கட்கிழமை மாலையில் பால்கனி காற்றாடும். முதலாளிக்கு இதில் நஷ்டமே இல்லை. ஒரு படத்தை ஒரு மாதமாவது விடாமல் ஓட்ட வேண்டும். இந்த மாதிரிப் படத்துக்குப் போஸ்டர் கூட்டம் சேர்க்காது. பார்த்தவர் நாலு பேரிடம் சொல்லித்தான் சேரும், அதற்கு நாள் பிடிக்கும். சட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த ஒரு ஆபரேட்டரை நிரந்தரமாக வையுங்கள். மெஷினுக்கு டைமர் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர் வேண்டாம்.

இடைவேளை விடாவிட்டால் கேன்டீன் வியாபாரம் படுத்துவிடும் என்று முதலாளி முறுக்கிக்கொள்வார். விளக்கு அணைவதற்கு முன்பே வாங்கிக்கொள்கிறோம், கடையை ஆறு மணிக்கே திறந்து வைக்கச் சொல்லுங்கள்.