இல்லமும் இயந்திரமும்: தயங்கிய வண்டி



ஓடாத மோட்டார் வண்டியினால் வருவது தொல்லை மாத்திரமே. ஓட வேண்டிய கணத்தில் தயங்கும் வண்டியினால் வருவதோ ஆபத்து. முன்னையது வீட்டு வாசலிலேயே நின்றுவிடும். பின்னையது நம்மை நடுத் தெருவரை அழைத்துச் சென்று அங்கே கைவிட்டுவிடும். சென்ற வருடம் இங்கிலாந்துக்குப் போயிருந்தபோது இவ்வுண்மையை நான் கற்றுக்கொண்டேன். அதில் என்னுடைய தவறும் ஒன்று கலந்திருந்தது. அதனையும் மறைக்காது கூறுகின்றேன்.

என் தங்கையின் மகன் அங்கே உத்தியோகம் பார்க்கின்றான். அவனிடம் 1969ஆம் ஆண்டின் எம்.ஜி.பி. வண்டி ஒன்று உண்டு. இருவர் அமரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் அது. 1962 முதல் 1980 வரை அபிங்டன் நகரத்துத் தொழிற்சாலையில் இவ்வகை வண்டிகள் செய்யப்பட்டன. நான்கு சிலிண்டர்களைக் கொண்ட 1798 கன சென்ரிமீற்றர் எஞ்சின். அதற்கு இரண்டு எஸ்.யூ. காபரேற்றர்கள். நம் தெருக்களில் நாம் நன்கறிந்த மொறிஸ் மைனரிலும் இதே இனத்துக் காபரேற்றர் ஒன்றுதான் இருந்தது. ஆதலால் அதன் குணம் எனக்குப் புதியதன்று.

வாலிபர்கள் வாங்கிய பொருளை வாங்கியபடியே வைத்திருப்பார்களா? மருமகன் பழைய காற்று வடிகட்டிகளைக் கழற்றிவிட்டு, காற்றுத் தாராளமாகப் புகும் புதியவற்றைப் பூட்டினான். புகைக் குழாயையும் மாற்றினான். வண்டியின் குரல் கம்பீரமாயிற்று, குணமோ கெட்டது. நின்ற இடத்தில் எஞ்சின் சீராக ஓடும். மெல்ல மிதித்தால் ஓரளவு இணங்கும். அக்சிலரேற்றரைச் சட்டென்று அழுத்தினால் மாத்திரம், மூச்சடைத்தவனைப் போல ஒரு கணம் திணறி, அதன் பின்னரே பாயும்.

"மாமா, இதற்கு என்ன வழி?" என்று தொலைபேசியில் கேட்டான். நானோ ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே, "காபரேற்றர் ஒயில் இளக்கமாக இருக்கும், தடித்த ஒயிலை ஊற்று" என்று தீர்ப்புக் கூறிவிட்டேன். அவனிடம் ஒரு கேள்வி தானும் கேட்டேனில்லை.

இரண்டு வாரங்கள் சென்றன. ஒரு மாலை, சந்தியொன்றில் வலப்புறம் திரும்புவதற்காக அவன் காத்து நின்றான். எதிரே லொறி ஒன்று தூரத்தில் வந்தது. கடப்பதற்குப் போதிய இடைவெளி இருந்தது. மிதித்தான், வண்டி முன்னே நகர்ந்து, தெருவின் நடுவிலே திணறியது. லொறிச் சாரதி பிரேக்கை முழுப் பலத்தோடும் அழுத்தியதனாலே, சில அடிகளில் உயிர்கள் தப்பின. அருகில் இருந்தவள் அவன் மனைவி. அப்பொழுது அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி.

நான் அங்கே போய்ச் சேர்ந்த அன்று அவள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மாமா, நீங்கள் சொன்னபடிதான் இவர் செய்தார்" என்றாள். குறை கூறும் எண்ணத்தோடு அவள் சொல்லவில்லை. எனினும் அத்தேநீர் எனக்கு இனிக்கவில்லை.

கராஜைத் திறந்து பார்த்தேன். புதிய கொயில், புதிய பிளக்குகள், புதிய மின்கம்பிகள் யாவும் பூட்டப்பட்டிருந்தன. காபரேற்றருக்கென வாங்கிய புதிய ஊசிகள் மட்டும் பெட்டி திறவாமல் இருந்தன. செலவு பெருகியிருந்தது, நோய் அப்படியே இருந்தது.

எனக்கு யாழ்ப்பாணத்தின் நினைவு வந்தது. 1990இன் பின்னர் அங்கே பெற்றோல் தடைப்பட்டிருந்த ஆண்டுகளில், சில துளி பெற்றோலினால் எஞ்சினைக் கிளப்பி, மண்ணெண்ணெயிலே மொறிஸ் மைனர்களை ஓட்டினோம். உதிரிப்பாகம் வாங்குவதென்பது கனவு. ஆகவே பிழையை முதலில் கண்டுபிடிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. கடை நிறையப் பொருள் இருக்குமிடத்திலோ, கண்டுபிடிக்கும் வேலையை நாம் பணப்பையிடம் ஒப்படைத்துவிடுகின்றோம்.

மாணவர்களின் பொருட்டு இக்காபரேற்றரின் இயக்கத்தைச் சிறிது விளக்குகின்றேன். காற்றுச் செல்லும் வழியின் மேல், குடத்தைக் கவிழ்த்தது போன்ற ஓர் அறை உண்டு. அதற்குள்ளே பிஸ்டன் ஒன்று ஏறி இறங்கும். பிஸ்டனின் மேற்புறத்தில் எஞ்சினின் உறிஞ்சல். கீழ்ப்புறத்தில் வெளிக்காற்றின் அழுத்தம். இரண்டுக்குமுள்ள வேற்றுமையே பிஸ்டனை உயர்த்துகின்றது. பிஸ்டனின் அடியில் உள்ள கூர்மையான ஊசியும் உடன் உயர, பெற்றோல் வரும் துவாரம் அகலுகின்றது.

திடீரென மிதித்தால் காற்று விரைந்து ஓடும்; கனமான பெற்றோல் பிந்தும். இக்குறையைத் தீர்க்கவே பிஸ்டனின் தண்டினுள் ஒயில் ஊற்றப்படுகின்றது. அது பிஸ்டனைச் சற்றுத் தாமதித்து எழச் செய்யும். தாமதிக்கும் அக்கணத்தில் உறிஞ்சல் மிகுந்து, பெற்றோலும் மிகுதியாக வரும். ஒயில் இல்லையெனில் கலவை மெலிந்து எஞ்சின் தயங்கும். ஒயில் மிகத் தடித்ததாயின் கலவை செறிந்து அதே எஞ்சின் திணறும். இரண்டும் சாரதியின் காலுக்கு ஏறக்குறைய ஒன்று போலவே தோன்றும். நான் தொலைபேசியில் இடறியது இவ்விடத்திலேதான்.

"தம்பி, ஒரு வேளையில் ஒன்றை மாத்திரம் மாற்றுவோம்; மாற்றிய பின் ஓட்டிப் பார்ப்போம்; பார்த்ததை எழுதுவோம்" என்றேன். அவன் ஒரு கொப்பியை எடுத்து வந்தான்.

முதலில் மின்சாரப் பகுதி. காபரேற்றரின் மேல் சுமத்தப்படும் பழிகளில் பல உண்மையில் மின்பொறியைச் சார்ந்தவை. பொயின்ற் இடைவெளியை 0.015 அங்குலத்திற்குச் சரிபார்த்தோம். தீப்பொறி உரிய நேரத்தில் விழுகின்றதா என்பதையும் பார்த்தோம். குற்றமில்லை. அடுத்து என் தடித்த ஒயிலை உறிஞ்சி எடுத்துவிட்டு, 20ஆம் இலக்க ஒயிலை ஊற்றினோம். சிறிது நலம் கண்டது. நோய் முற்றாகத் தீரவில்லை.

பின்னர் வண்டிகள் குறைந்த ஒரு நேர்த் தெருவில் அவன் ஓட்ட, நான் அருகில் இருந்தேன். "சோக்கைச் சிறிது இழுத்துக்கொண்டு மிதி" என்றேன். சோக் இழுத்தால் கலவை செறியும். அதனால் தயக்கம் குறைந்தால் பெற்றோல் போதவில்லை என்பது பொருள். கூடினால் பெற்றோல் மிகுதி என்பது பொருள். தயக்கம் கூடியது! புதிய வடிகட்டியினால் காற்று மிகுந்து கலவை மெலிந்திருக்கும் என்று அவன் எண்ணியது நியாயமான எண்ணமே. ஆனால் வண்டி வேறு பதில் கூறிற்று. செறிவு கூட்டும் அப்புதிய ஊசிகளைப் பூட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.

வண்டியை நிறுத்தி நான்கு பிளக்குகளையும் கழற்றினோம். பின்னிரண்டும் நல்ல தவிட்டு நிறம். முன்னிரண்டும் அடுப்புக்கரி போலக் கறுப்பு. மருமகன் என்னைப் பார்த்தான். "முன் காபரேற்றர் ஊட்டுவது முன்னிரண்டு சிலிண்டர்களுக்கல்லவா, மாமா?" என்றான். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்தது.

முன் வடிகட்டியைக் கழற்றினோம். அதற்கும் காபரேற்றருக்கும் இடையிலுள்ள காஸ்கெற் தலைகீழாகப் பூட்டப்பட்டிருந்தது! காபரேற்றரின் முகப்பிலே சிறு துளைகள் உண்டு. பிஸ்டனின் கீழே வெளிக்காற்றைச் செலுத்துவன அவை. காஸ்கெற்றிலும் அதன் பொருட்டுத் துளைகள் உண்டு. திருப்பிப் பூட்டினால் அத்துளைகள் மூடுண்டுபோகும். கீழிருந்து தள்ளக் காற்றில்லை. பிஸ்டன் உரிய உயரம் எழவில்லை. காற்றுவழி ஒடுங்கிப் பெற்றோல் மட்டும் மிகுந்தது. ஓர் உள்ளங்கை அகலக் கடதாசித் துண்டு கர்ப்பிணிப் பெண்ணொருத்தியை லொறிக்கு முன்னே கொண்டுபோய் நிறுத்தியிருக்கின்றது.

அதனைத் திருப்பிப் பூட்டக் கால் மணி நேரமும் செல்லவில்லை. பிளக்குகளைத் துடைத்துப் பூட்டினோம். அன்று மாலை வெறுந்தெருவில் இருபது முறை மிதித்துப் பார்த்தான்; இருபது முறையும் வண்டி சொல்லுக்கு முன் பாய்ந்தது. ஊசிகளைக் கடைக்குத் திருப்பி அனுப்பினான்.

காபரேற்றர் வண்டிகள் இக்காலத்தில் அருகிவிட்டன. நமக்கு இதனால் யாது பயன் என்று சிலர் வினவலாம். இக்கால எஞ்சின்களில் பெற்றோலின் அளவைக் கணினி தீர்மானிக்கின்றது. உட்செல்லும் காற்றை அளக்கும் நுண்கருவி அதற்குக் கண் போன்றது. ஒயில் பூசும் வகை வடிகட்டிக்கு அளவுக்கு மிஞ்சிப் பூசினால், அவ்வொயில் அந்தக் கருவியிற் படிந்து அளவு பிழைக்கலாம், வண்டி தயங்கலாம். கருவி மாறினும் விதி மாறவில்லை. நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டி இன்று தயங்கினால், இடையில் நம் கை பட்ட இடத்தையே முதலில் நோக்குதல் வேண்டும். தயக்கம் தீரும்வரை, குறுக்கே கடக்கும் சந்திகளுக்கும் முந்திச் செல்லும் தெருக்களுக்கும் அவ்வண்டியைக் கொண்டுபோகலாகாது.

நான் புறப்படுவதற்கு முதல் நாள் மருமகள் தானாகவே வந்து வண்டியில் ஏறினாள். அதே சந்திக்குப் போகும்படி சொன்னாள். எதிர்த்திசையில் ஒரு வண்டியும் இல்லாத வேளை பார்த்து அவன் திரும்பினான். வண்டி தயங்கவில்லை. அவள் கைகள் மாத்திரம் இருக்கையை இறுகப் பற்றியிருந்தன என்று பின்னர் அவன் என்னிடம் சொன்னான். வண்டியிற் பிழை தீர்ந்த அன்றே மனிதர் மனத்திலும் அச்சம் தீர்ந்துவிடுவதில்லை.

இப்பொழுதும் மருமகன் தொலைபேசியில் ஐயம் கேட்பதுண்டு. நான் மருந்து சொல்வதில்லை. "கடைசியாக எதனைக் கழற்றினாய், தம்பி?" என்றுதான் கேட்கின்றேன்.