விலையும் தெரியாது, உரிமையும் கிடையாது

காகிதத்தில் அச்சான கார்டுக்கு விலை எப்படி வருகிறது என்பதை எளிதாகச் சொல்லிவிடலாம். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து 1993-இல் வெளிவந்த ‘மேஜிக்: தி கேதரிங்’ ஆட்டத்தின் முதல் பதிப்பில் அரிய கார்டு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,100 பிரதிகளே அச்சாயின. அவற்றுள் ஒன்றான ‘பிளாக் லோட்டஸ்’ 2021-இல் 5,11,100 டாலருக்கு ஏலம் போனது. இருக்கும் பிரதி கொஞ்சம், கேட்பவர் ஏராளம், கணக்கு அவ்வளவுதான். 1995-இல் பழைய கார்டுகளை மறுபடி அச்சிட்டு விற்றபோது சேகரிப்பாளர்கள் கொதித்தார்கள். மறு ஆண்டே, குறிப்பிட்ட சில கார்டுகளை இனி அச்சிடவே மாட்டோம் என்று விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் பட்டியல் போட்டு வாக்குக் கொடுத்தது. திரையில் ஆடும் கார்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இன்னொரு பிரதியை உண்டாக்க நிறுவனத்துக்குச் செலவே இல்லை. தட்டுப்பாடு என்பது கணினியில் எழுதி வைத்த ஓர் எண் மட்டுமே. அப்படியிருந்தும் உலகமெங்கும் மக்கள் அதற்குப் பணம் கொடுக்கிறார்கள். கொடுப்பதில் தவறில்லை. ஆனால் எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கொடுத்து வாங்கியதாவது நமக்கே சொந்தமாக இருக்க வேண்டும். இன்று பெரும்பாலான இணையக் கார்டு ஆட்டங்களில் இந்த இரண்டுமே இல்லை.

தொடக்கத்தில் நிலைமை இப்படி இருக்கவில்லை. 2002-இல் அதே விஸார்ட்ஸ் நிறுவனம் ‘மேஜிக் ஆன்லைன்’ ஆட்டத்தைத் தொடங்கியபோது, காகித உலகத்தின் பொருளாதாரத்தையே கணினிக்குள் கொண்டுவரப் பார்த்தது. உள்ளே என்ன கார்டுகள் என்று தெரியாமல் வாங்கும் ‘பேக்’ ஒன்றின் விலை காகிதப் பேக்கின் விலையே. ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் கார்டுகளை மாற்றிக்கொள்ளலாம். போட்டிகளில் சேர ஒரு டாலருக்கு விற்ற நுழைவுச்சீட்டு, நாளடைவில் அந்த உலகத்தின் நாணயமாகவே ஆகிவிட்டது. கார்டுகளை இரவும் பகலும் வாங்கி விற்கத் தானியங்கி நிரல்கள் முளைத்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தொகுப்பின் கார்டுகளை ஒன்றுவிடாமல் சேர்த்தவர், ஒரு கட்டணம் செலுத்தினால் அதே தொகுப்பைக் காகிதமாக வீட்டுக்கே வரவழைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு வசதிதான் திரையில் இருந்த படத்துக்கு அடிமட்ட விலை ஒன்றைத் தாங்கிப் பிடித்தது. கார்டின் இன்றைய விலை என்ன, விற்றால் என்ன கிடைக்கும் என்று யாரும் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிந்தது.

2014-இல் பிளிசார்ட் நிறுவனம் ‘ஹார்த்ஸ்டோன்’ ஆட்டத்தைக் கொண்டுவந்தபோது அந்தக் கதவு மூடப்பட்டது. கார்டை யாருக்கும் விற்க முடியாது, கொடுக்கவும் முடியாது. வேண்டாத கார்டை அழித்து ‘டஸ்ட்’ ஆக்கலாம். அந்த டஸ்ட்டைக் கொண்டு வேண்டிய கார்டைச் செய்துகொள்ளலாம். பார்வைக்கு இது தாராளமாகத்தான் தெரியும். மாற்று விகிதத்தைப் பார்த்தால் நிலைமை புரியும். மிக அரிய வகையான ‘லெஜண்டரி’ கார்டு ஒன்றை அழித்தால் 400 டஸ்ட் கிடைக்கும்; ஒன்றைச் செய்ய 1,600 வேண்டும். அதாவது நான்கைக் கொடுத்து ஒன்றை வாங்க வேண்டும். சாதாரணக் கார்டை அழித்தால் கிடைப்பது 5, செய்ய வேண்டியது 40. இங்கே எட்டுக்கு ஒன்று. ஒவ்வொரு மாற்றத்திலும் ஆட்டக்காரர் கையிருப்பில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ கரைந்து போகிறது. இந்த விகிதத்தை முடிவு செய்தது எந்தச் சந்தையும் இல்லை. கார்டை விற்பவர், திரும்ப எடுப்பவர், விகிதம் நிர்ணயிப்பவர் எல்லாம் ஒரே நிறுவனம். அதோடு போட்டியிட்டு, அதைவிடக் குறைந்த விலைக்கு அதே கார்டைத் தர உலகில் வேறு யாரும் இல்லை.

உரிமை போனதோடு விலையும் மறைந்தது. 2019-இல் முழுமையாக வெளிவந்த ‘மேஜிக்: தி கேதரிங் அரினா’ ஆட்டத்தில் டாலர் கொடுத்தால் ‘ஜெம்’ கிடைக்கும், ஜெம் கொடுத்தால் பேக் கிடைக்கும், பேக்கைப் பிரித்தால் எது வேண்டுமானாலும் கிடைக்கலாம். 4.99 டாலருக்கு 750 ஜெம். ஒரு பேக்குக்கு 200 ஜெம். மூன்று பேக் வாங்கியபின் 150 மிஞ்சும். அது நான்காவது பேக்குக்குப் போதாது. 99.99 டாலர் கட்டினால் 20,000 ஜெம் கிடைக்கும், அப்போது பேக்கின் விலை ஒரு டாலராக இறங்கும். ஆக, ஒரே பேக்குக்கு வாங்குபவரின் பையைப் பொறுத்து வெவ்வேறு விலை. ஆட்டத்தில் வெல்வதற்குத் தேவைப்படுவதோ பேக் அல்ல, குறிப்பிட்ட ஒரு கார்டு. அதன் விலை டாலரில் எவ்வளவு என்ற கேள்விக்குப் பேக் விற்கும் திரையில் பதில் கிடையாது. டாலருக்கும் கார்டுக்கும் நடுவே இத்தனை படிகள் தற்செயலாக வந்துவிடவில்லை. ஒவ்வொரு படியிலும் செலவின் உணர்வு கொஞ்சம் மங்குகிறது; விற்பவருக்கு அது ஆதாயம்.

வாங்கியது அப்படியே இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அச்சான கார்டில் உள்ள எழுத்தை நிறுவனம் வீட்டுக்கு வந்து திருத்த முடியாது. திரையில் திருத்த முடியும். அரினாவில் 2021 டிசம்பரில் வந்த ‘அல்கெமி’ முறையில், அதிகம் வெல்லும் கார்டுகளின் பலத்தை நிறுவனம் விற்பனைக்குப் பிறகும் குறைக்கலாம். பலம் குறைந்த கார்டுக்கு ஈட்டுத்தொகை கிடையாது. ஹார்த்ஸ்டோனில் இவ்வாறு குறைத்தால், சில நாட்களுக்கு அந்தக் கார்டை முழு மதிப்புக்கு டஸ்ட்டாக மாற்றிக்கொள்ள விடுகிறார்கள். இரண்டில் எது நியாயம் என்பது தெளிவு. ஆனாலும் இரண்டுமே நிறுவனத்தின் விருப்பம்தான். ஆட்டக்காரரின் உரிமை அல்ல. சில வேளைகளில் நிறுவனத்தின் விருப்பத்தைக்கூடக் கேட்பதில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் டிக்டாக் தடை நடைமுறைக்கு வந்தபோது, ‘மார்வெல் ஸ்னாப்’ ஆட்டத்தை வெளியிட்டது டிக்டாக்கின் தாய் நிறுவனமான பைட்டான்ஸைச் சேர்ந்த பதிப்பகம் என்பதால், அந்த ஆட்டமும் அங்கே நின்றுபோனது. சில நாட்களில் திரும்பி வந்தது உண்மை. ஆனால் காசு கொடுத்துச் சேர்த்த கார்டுகள், கார்டு ஆட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் அரசியல் சண்டையில் எட்டாமல் போக முடியும் என்பதை அந்தச் சில நாட்கள் காட்டிவிட்டன.

இதற்கு மருந்து சந்தையைத் திறந்துவிடுவதே என்று சிலர் சொல்வார்கள். அதுவும் சோதித்துப் பார்க்கப்பட்டதுதான். வால்வ் நிறுவனம் அதே கார்ஃபீல்டை வைத்து வடிவமைத்த ‘ஆர்ட்டிஃபாக்ட்’ 2018 நவம்பரில் வந்தது. நுழைய 20 டாலர். கார்டுகளை வால்வின் ‘ஸ்டீம்’ இணையச் சந்தையில் வாங்கலாம், விற்கலாம். ஒவ்வொரு விற்பனையிலும் வால்வுக்குக் கழிவு உண்டு. வெளிவந்த ஒரு மாதத்துக்குள் சில கார்டுகளின் பலத்தைக் குறைக்க வேண்டி வந்தது. அதிக விலைக்குப் போய்க்கொண்டிருந்த ‘ஆக்ஸ்’ போன்ற கார்டுகளை நிறுவனமே திரும்ப வாங்கிக்கொள்ள முன்வர வேண்டியதாயிற்று. சில மாதங்களில் ஆட்டக்காரர்கள் விலகிப் போனார்கள். 2021 மார்ச்சில் வால்வ் ஆட்டத்தைக் கைவிட்டு, எல்லாக் கார்டுகளையும் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. மறுபக்கம், கார்டுகளைப் பிளாக்செயினில் பதிந்து விற்ற ‘காட்ஸ் அன்செய்ண்ட்’ ஆட்டத்தில், 2018-இல் ஒரே ஒரு கார்டு 146 ஈதருக்கு, அன்றைய மதிப்பில் 60,000 டாலருக்கும் மேல், ஏலம் போனது. ஆட வந்தவர்களோடு பந்தயம் கட்ட வந்தவர்களும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே அடையாளம். ஆகவே எல்லா ஆட்டமும் கார்டுச் சந்தை நடத்தியே தீர வேண்டும் என்பது என் வாதம் அல்ல. மூடிய சந்தைக்கு நியாயமான காரணங்கள் இருக்கலாம். மோசடியும் திருட்டுக் கணக்கும் குறையும், சிறுவர்கள் ஊக வணிகத்தில் சிக்குவதும் குறையும். என் வாதம் இதுதான்: சந்தையை மூடும் நிறுவனம் விலையைத் திறந்து வைக்க வேண்டும். மறுவிற்பனை உரிமையைப் பறித்துக்கொண்டு, விலையையும் மறைத்து வைக்க அதற்கு அனுமதி இருக்கக் கூடாது.

‘இது முதலீடு இல்லை, பொழுதுபோக்கு, சினிமா டிக்கெட் வாங்கிவிட்டுப் படம் முடிந்ததும் பணத்தைத் திரும்பக் கேட்போமா?’ என்பது முதல் மறுப்பு. கேட்க மாட்டோம். ஆனால் டிக்கெட்டில் விலை அச்சாகியிருக்கிறது. எந்தப் படம், எந்தக் காட்சி, எந்த இருக்கை என்பதும் அச்சாகியிருக்கிறது. பேக் வாங்குபவருக்கு இவற்றில் எதுவும் முன்கூட்டித் தெரியாது. பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொண்டால், பொழுதுபோக்கு விற்பவருக்குள்ள கடமையையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கிடைக்கும் வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்பதை இப்போது வெளியிடுகிறோமே என்பார்கள். 2017-இல் சீன அரசு கட்டாயப்படுத்திய பிறகும், அதே ஆண்டு இறுதியில் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரில் விதியாக்கிய பிறகும் வந்த மாற்றம் அது. தேவைதான், போதாது. லெஜண்டரி கார்டு சராசரியாக 20 பேக்குக்கு ஒன்று என்று தெரிந்துகொண்டாலும், வேண்டிய ‘அந்த’ லெஜண்டரிக்கு என்ன செலவாகும் என்பதை வாங்குபவர்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. டாலருக்கு எத்தனை ஜெம், ஜெம்முக்கு எத்தனை பேக், பேக்குக்கு எத்தனை வாய்ப்பு என்று மூன்று கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு யாரும் பொத்தானை அழுத்துவதில்லை.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. இந்த ஆட்டங்களைப் பெரும்பாலானோர் காசே கொடுக்காமல் ஆடுகிறார்கள். செலவு செய்யும் சிலரால்தான் ஆட்டம் ஓடுகிறது. விலையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் அந்தச் சிலரும் போய்விடுவார்கள், இலவசமாக ஆடுபவர்களுக்கும் ஆட்டம் இல்லாமல் போகும் என்பது அது. சான்றும் இருக்கிறது. ரயட் நிறுவனத்தின் ‘லெஜண்ட்ஸ் ஆஃப் ரூனெட்டெரா’ 2020-இல் வந்தது. அதிர்ஷ்டப் பேக்குகளை விற்காமல், வேண்டிய கார்டை நேரே வாங்கவும், ஆடியே சம்பாதிக்கவும் வழி வைத்தது. ஆட்டக்காரர்கள் பாராட்டினார்கள், வருமானம் வரவில்லை. 2024 ஜனவரியில் ரயட் ஆட்குறைப்பு செய்தபோது, இந்த ஆட்டத்துக்கான முயற்சியையும் சுருக்கிக்கொண்டது. இதை மழுப்ப முடியாது. ஆனால் ரூனெட்டெராவில் விலையைக் காட்டியது ஒரு முடிவு. காசு கொடுக்கத் தேவையே இல்லாத அளவுக்குக் கார்டுகளை வாரி வழங்கியது இன்னொரு முடிவு. நட்டத்துக்கு முதல் முடிவே காரணம் என்று சொல்ல ஆதாரமில்லை. வாங்கும் முன்பே உள்ளே இருப்பது தெரியும் பெட்டிகளாகக் கார்டு விற்று வியாபாரம் நடத்த முடியும் என்பதற்கு, 2016 முதல் விற்கும் ‘ஆர்க்கம் ஹாரர்’ காகித ஆட்டம் எடுத்துக்காட்டு. அதோடு, வாங்குபவர் தான் செலவழித்ததைக் கூட்டிப் பார்க்காமல் இருந்தால்தான் ஒரு வியாபாரம் நிலைக்கும் என்றால், அந்த வியாபாரத்தைக் காப்பாற்றுவது பொதுநலம் ஆகாது. இலவசமாக ஆடும் நூறு பேரின் மகிழ்ச்சிக்கான கட்டணத்தை, தன் செலவை அறியாத ஒருவர் செலுத்த வேண்டும் என்பதில் என்ன தாராளம் இருக்கிறது?

சட்டங்கள் இந்தப் பிரச்சினையைத் தவறான முனையிலிருந்து பிடிப்பதுதான் சிக்கல். உலகெங்கும் அரசுகள் கேட்கும் முதல் கேள்வி ‘இது சூதாட்டமா?’ என்பதே. ஜெயித்தது பணமாக மாறுமா என்பதே பல இடங்களில் அதற்கு அளவுகோல். இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய இணைய விளையாட்டுச் சட்டமும், பணமோ பணத்துக்கு ஈடானதோ கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் பணம் கட்டி ஆடுவதையே தடைக்குரியதாக வரையறுக்கிறது. ரம்மிக்கு இது பொருந்தும். விற்கவே முடியாத கார்டைத் தரும் பேக்குக்கு இந்த அளவுகோலை வைத்தால் அது தப்பித்துவிடும். விளைவு தலைகீழாக இருக்கிறது. கார்டை விற்கும் உரிமை தரும் நிறுவனம் சூதாட்டச் சந்தேகத்துக்கு ஆளாகிறது. எந்த உரிமையும் தராத நிறுவனம் பத்திரமாக இருக்கிறது. ஆட்டக்காரருக்கு எவ்வளவு குறைவாகத் தருகிறதோ, அவ்வளவுக்கு நிறுவனத்துக்குச் சட்டப் பாதுகாப்பு.

சரியான கேள்வி நுகர்வோர் சட்டத்தின் கேள்வி: வாங்குபவருக்கு விலை தெரிந்ததா, வாங்கியது என்ன என்பது தெரிந்ததா? சில அரசுகள் அந்தத் திசையில் நகரத் தொடங்கியுள்ளன. ‘கென்ஷின் இம்பாக்ட்’ ஆட்டத்தின் நிறுவனத்தோடு 2025 ஜனவரியில் செய்துகொண்ட 2 கோடி டாலர் சமரசத்தில், அதிர்ஷ்டப் பெட்டிகளை ஆட்ட நாணயத்துக்கு மட்டும் விற்கக் கூடாது, நேரடிப் பணத்திலும் வாங்க வழி வைக்க வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் நிபந்தனை விதித்தது. ஆட்டத்துக்குள் விற்கும் எதற்கும் உண்மையான நாணயத்தில் விலை காட்ட வேண்டும் என்று அதே ஆண்டு மார்ச்சில் ஐரோப்பிய நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் கொள்கை வகுத்தன. கலிஃபோர்னியா மாநிலத்தில், உரிமம் மட்டுமே தரும் மின்பொருளை, அதை வெளிப்படையாகச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்று விற்க 2025 முதல் தடை.

இவற்றைக் கார்டு ஆட்டத்துக்குப் பொருத்தினால் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, எந்தக் கார்டாக இருந்தாலும் பேக் வழியாக மட்டுமின்றித் தனியாகவும் வாங்க முடிய வேண்டும். அதன் விலை ரூபாயிலோ டாலரிலோ திரையில் இருக்க வேண்டும். இரண்டு, விற்ற கார்டின் பலத்தைப் பின்னால் குறைத்தால், கொடுத்த விலையை ஆட்டத்துக்குள்ளாவது முழுதாகத் திருப்பித் தர வேண்டும். மூன்று, ஆட்டத்தை மூடுவதென்றால் போதிய முன்னறிவிப்பு தர வேண்டும். அறிவித்த நாளிலிருந்து விற்பனையை நிறுத்த வேண்டும். கார்டை விற்கும் உரிமை வேண்டும் என்று இதில் எங்கும் கேட்கவில்லை. பேக்கைப் பிரிக்கும் பரவசம் பிடித்தவர்கள் தாராளமாகப் பேக்கே வாங்கட்டும். பக்கத்திலேயே அந்தக் கார்டின் நேரடி விலையும் எழுதியிருந்தால், அந்தப் பரவசத்துக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்த பிறகும் கொடுப்பது அவர்கள் விருப்பம். தெரியாமல் கொடுக்க வைப்பதை விற்பனை உத்தி என்று சட்டம் ஏற்றுக்கொள்ளக் கூடாது.