மாத்திரை முடிந்ததும் திரும்ப வரும் நீர்க்கடுப்பு: தப்பு யார் மேல?

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிக்கடி அவசரம், அடிவயிற்றில் வலி. ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டதும் சரியாகிவிடுகிறது. இரண்டே மாதத்தில் அதே எரிச்சல். உடனே வீட்டில் என்ன சொல்வார்கள்? "சுத்தமா இருந்தா ஏன் வருது?" அல்லது "உடம்பு சூடு, இளநீர் குடி." மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டைக் காட்டினால் அதே அட்டை கிடைத்துவிடும்.

இங்கேதான் சிக்கலே. திரும்பத் திரும்ப வருவதற்குப் பெண்ணின் 'சுத்தக்குறைவை' காரணமாக்குவதால், உண்மையான காரணத்தை யாரும் தேடுவதில்லை.

பெண்களுக்கு ஏன் அதிகம்?

பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இந்தத் தொற்று வருகிறது. அவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் திரும்புகிறது. பெண்களின் சிறுநீர்க்குழாய் நீளம் சுமார் 4 செ.மீ.தான், ஆசனவாய்க்கும் பக்கத்தில் இருக்கிறது. நம் குடலில் சாதாரணமாக வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு அது ரொம்பக் குறுகிய தூரம். உடலமைப்பே இப்படித்தான்; இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

மாத்திரை போட்டும் ஏன் திரும்புகிறது?

முதல் காரணம், ஒளிந்துகொள்வது. 2003-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எலிகளின் சிறுநீர்ப்பைச் செல்களுக்கு உள்ளேயே ஈ.கோலை கூட்டமாகத் தங்குவதைக் காட்டினார்கள். தொற்று வந்த பெண்களின் சிறுநீரிலும் இதற்கான அடையாளங்கள் 2007-ல் கிடைத்தன. பல ஆன்டிபயாடிக்குகள் சிறுநீரில் மிதக்கும் கிருமியை அழித்துவிடும். செல்லுக்குள் பதுங்கியதை முழுசாக எட்டாது.

இரண்டாவது, குடல். சிறுநீர்ப்பை சுத்தமானாலும் குடலில் அதே கிருமி இருக்கும். அங்கிருந்து மறுபடியும் கிளம்பி வரும்.

மூன்றாவது, மருந்துக்குப் பழகிய கிருமி. போன முறை கேட்ட மாத்திரை இந்த முறை கேட்காமல் போகலாம். பழைய சீட்டை நம்புவதில் உள்ள ஆபத்து இதுதான்.

என்ன மாற வேண்டும்?

6 மாதத்தில் 2 முறை, அல்லது ஓராண்டில் 3 முறை வந்தால் அதைத் தொடர் தொற்று என்கிறார்கள் மருத்துவர்கள். அப்படி வருபவர்களுக்கு ஒவ்வொரு முறையும் யூரின் கல்ச்சர் எடுப்பதை வழக்கமாக்க வேண்டும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று அதில் தெரியும். ரிசல்ட் வர இரண்டு, மூன்று நாளாகும். அதுவரை எரிச்சலோடு உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. சாம்பிளைக் கொடுத்துவிட்டு மாத்திரையைத் தொடங்கலாம், ரிசல்ட்டைப் பார்த்து டாக்டர் மாற்றிக் கொடுப்பார்.

மருந்துக் கடைகளுக்கும் பொறுப்பு உண்டு. 2014 முதல் அமலில் இருக்கும் ஹெச்1 பட்டியலில் உள்ள ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்பனையைப் பதிவேட்டிலும் எழுத வேண்டும். சட்டம் இருக்கிறது, கவுன்டரில் கேள்விதான் இல்லை.

தண்ணீர் உதவுமா?

உதவும். குறைவாகத் தண்ணீர் குடிக்கும் 140 பெண்களிடம் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது; மற்றவர்களுக்கு 3.2 முறை. ஆனால் இது தடுக்கும் வழி. வந்த தொற்றுக்கு இளநீர் மருந்தாகாது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் போன்ற வழிகளும் உண்டு, டாக்டரிடம் கேளுங்கள்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப் பக்கம் வலி இருந்தால் தொற்று சிறுநீரகம் வரை போயிருக்கலாம். அப்போதும், கர்ப்பிணிகளுக்கு வந்தாலும், ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்த முறை வீட்டில் யாருக்காவது நீர்க்கடுப்பு திரும்ப வந்தால், "சுத்தமா இருந்தியா?" என்று கேட்காதீர்கள். "கல்ச்சர் எடுத்தாச்சா?" என்று கேளுங்கள்.