பாலை நிறுக்கிறோம், பிள்ளைத்தாய்ச்சியை நிறுக்கிறோமா?



தோட்டத்தில் தராசுக்குத் தப்புவது எதுவுமில்லை. காலையில் வெட்டிய பால் ஸ்டோருக்கு வந்ததும் நிறுக்கிறோம். அதில் ரப்பர் எவ்வளவு என்று சோதிக்கிறோம். செக்ரோலில் பெயருக்கு நேரே பதிகிறோம். அரைக் கிலோ குறைந்தாலும் தோழர் ஏனென்று கேட்பார். கேட்கத்தான் வேண்டும், அது அவர் கூலி. ஆனால் அந்தப் பாலைச் சுமந்து வரும் பிள்ளைத்தாய்ச்சியின் எடை இம்மாதம் ஏறியதா, இறங்கியதா என்று கேட்பவர் உண்டா? கட்டிய கணவராவது அறிவாரா?

பாலிங் வட்டாரத்தாருக்குப் பசி புதிய சொல் அல்ல. 1974-ஆம் ஆண்டு இறுதியில் ரப்பர் விலை சரிந்து, அரிசி, சீனி விலை ஏறியபோது, இவ்வட்டாரச் சிறுதோட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வீதியில் திரண்டார்கள். பால் விலைக்கும் வீட்டு உலைக்கும் உள்ள சம்பந்தத்தை அன்று நாடே கண்டது. உலையில் அரிசி குறைந்தால் முதலில் குறைவது யார் தட்டு? கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டு மிஞ்சியதைத் தின்பவள் தாய். வயிற்றில் பிள்ளை இருக்கும்போதும் இவ்வழக்கம் மாறுவதில்லை.

இதற்குத் துணை நிற்பது ஒரு பழைய எண்ணம்: குறைவாகத் தின்றால் பிள்ளை சிறுத்திருக்கும், பிரசவம் சுலபமாகும் என்பது. நம் பாட்டிமாரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. சென்ற நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க வைத்தியர்களே கர்ப்பிணிகளின் எடை 20 ராத்தலுக்குமேல் ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள். 1970-இல்தான் அங்கு அக்கருத்து திருத்தப்பட்டது. இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறக்கும் குழந்தையை நோய் எளிதில் பிடிக்கும் என்பதை இன்று மறுப்பார் இல்லை.

இதற்கு நேர்மாறான எண்ணமும் உண்டு: இரண்டு உயிராயிற்றே, இருவர் சோறு தின்ன வேண்டும் என்பது. இதுவும் தவறே. முதல் மூன்று மாதம் கூடுதல் சோறு தேவையில்லை. அதன்பின் ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை, ஒரு கைப்பிடி நிலக்கடலை, இவ்வளவு தினம் சேர்ந்தால் பெரும்பாலும் போதும். கீரையும் பயறும் நெத்திலியும் வழக்கம்போல் இருக்கட்டும். இன்னொரு பொட்டலம் நாசி லெமாக்கும், சீனிப்பால் ஊற்றிய தேநீரும் இந்தக் கணக்கில் சேரா. 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில், இந்நாட்டு இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு நீரிழிவு காணப்பட்டது. ஆகவே, கர்ப்ப காலத்தில் சீனி நீர் குடிக்கவைத்து இரத்தம் எடுக்கும் சோதனைக்கு நம் பெண்கள் பின்வாங்கவே கூடாது.

அப்படியானால் எவ்வளவு எடை ஏறலாம்? 2009-இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வகுத்த அளவை ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்குப் பொருத்திச் சொல்கிறோம். கருத்தரிக்கும் முன் 43 கிலோவுக்குக் குறைந்திருந்தவர் பன்னிரண்டரை முதல் 18 கிலோ வரை ஏறவேண்டும். 43 முதல் 58 வரை இருந்தவர் பதினொன்றரை முதல் 16 வரை. 58-க்கும் 70-க்கும் இடைப்பட்டவர் 7 முதல் பதினொன்றரை வரை. அதற்கும் மேற்பட்டவர் 5 முதல் 9 வரை. உயரம் மாறினால் இந்தக் கணக்கும் மாறும். இரட்டைப் பிள்ளைக்குக் கணக்கே வேறு. உங்கள் உடலுக்கு உரிய அளவைக் கிளினிக் மிஸ்ஸியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கனத்த உடலினரும் ஏறத்தான் வேண்டும். பட்டினி கிடந்து இளைக்கும் காலம் இதுவல்ல. சில நாட்களுக்குள் எடை திடீரென்று ஏறி, முகமும் கையும் வீங்கி, தலைவலியும் கண்மங்கலும் வந்தால், அது சதையல்ல, ஆபத்து. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இத்தனையும் அரசாங்கக் கிளினிக்கில் கொடுக்கும் பிங்க் புத்தகத்தில் பதிவாகிறது. பன்னிரண்டு வாரத்துக்குள் பெயர் பதிந்தால்தான் தொடக்க எடை தெரியும். தொடக்கம் தெரியாத கணக்கை எந்தக் கிராணியும் சரிபார்க்க முடியாது. கணவன்மார் அப்புத்தகத்தைத் திறந்து பார்க்கவேண்டும். செக்ரோலைக் கூர்ந்து பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு இது பெரிய காரியமா?

இது வீட்டு விஷயம், சங்கத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தின்படி ஏழைக் கர்ப்பிணிகளுக்கு அரசே பணமும் சத்துணவுப் பெட்டகமும் கொடுக்கிறது. அங்கே அரசாங்க விஷயமானது இங்கே சங்க விஷயம் ஆகக்கூடாதா? நம் நாட்டிலும் 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. ஒரே முதலாளியிடம் பன்னிரண்டு மாதம் வேலை செய்த கணவனுக்கும் சம்பளத்தோடு 7 நாள் உண்டு. ஆனால் வயிற்றில் பிள்ளையோடு மேட்டிலும் பள்ளத்திலும் பால் சுமக்கும் மாதங்கள் இதற்கு முந்தியவை. நிறைக்குத் தக்க கூலி என்றால், உடம்புக்கு ஆகாத நாளிலும் அவள் வாளியை இறக்கிவைக்க மாட்டாள். எடை ஏறாததற்குக் காரணம் தட்டில் மட்டுமில்லை, தோளிலும் இருக்கிறது.

ஆகவே, ஒவ்வொரு கிளையும் நிர்வாகத்திடம் மூன்றைக் கேட்கவேண்டும் என்கிறோம். மரம் வெட்டுவது அவளாயினும், பாலைச் சுமப்பது வேறொருவராகட்டும். கூலி அவள் பெயரிலேயே நிற்கட்டும். கிளினிக் நாளில் ஆப்சென்ட் போடக்கூடாது. பெரட்டுக்கு வருமுன் பசியாற நேரம் வேண்டும். உற்பத்தி குறையும் என்று நிர்வாகம் சொல்லுமாயின், ஒரு தோட்டத்தில் ஒரே சமயத்தில் எத்தனை கர்ப்பிணிகள் என்று எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். அந்த எண்ணிக்கை கிராணிமார் கையிலுள்ள செக்ரோலில்தான் இருக்கிறது. கேட்பவர் தொழிலாளி, கணக்குக் காட்டுபவர் கிராணி. இருவரும் சேர்ந்து நின்றால் இம்மூன்றும் கிடைக்காமற் போகா. அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை முதல் விஷயமாக வையுங்கள். பெண் உறுப்பினர்களைப் பேசவிடுங்கள்.