மின்சீராக்கி வாங்கினால் இசை இனிக்குமா?



ஈராண்டுகளுக்கு முன் என் வீட்டு ஒலிப்பெட்டிகளில் ‘ம்ம்ம்’ என்றோர் இரைச்சல் ஓயாது கேட்டது. கடைக்காரர் ஒருவர், “வீட்டு மின்சாரம் சுத்தமாக இல்லை சார். ‘பவர் கண்டிஷனர்’ போடுங்கள், பாட்டே தெளிவாகிவிடும்” என்றார். மகளின் கூடுதல் வகுப்புக்கென ஒதுக்கியிருந்த 900 வெள்ளியைக் கொடுத்து அந்த மின்சீராக்கியை வாங்கினேன். ஆம்ப்ளிஃபையரை அதில் மாட்டினேன். இரைச்சல் போகவில்லை. ஆயினும், இசை தெளிந்துவிட்டதாகவே எனக்குத் தோன்றியது!

இரண்டாம் படிவத்தில் பயிலும் என் மகள், “அப்பா, பார்க்காமலே உங்களால் வேறுபாட்டைச் சொல்ல முடியுமா?” என்று கேட்டாள். நான் சுவரைப் பார்த்து அமர்ந்தேன். அவள் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, சில முறை மின்சீராக்கியோடும் சில முறை அஃதின்றியும் ஒரே பாடலை ஒரே ஒலியளவில் பத்து முறை ஒலிக்கச் செய்தாள். ஐந்து முறை சரியாகச் சொன்னேன். குத்துமதிப்பாகச் சொல்லியிருந்தாலும் ஏறத்தாழ அவ்வளவுதானே வந்திருக்கும்!

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம். ஆம்ப்ளிஃபையர் அதனை அப்படியே பயன்படுத்துவதில்லை. உள்ளிருக்கும் மின்வழங்கிப் பகுதி, அதனை நேர்மின்சாரமாக்கி, மின்தேக்கிகளால் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்த பிறகே பயன்படுத்துகிறது. செவ்வனே வடிவமைக்கப்பட்ட கருவிக்குள் சீராக்கும் வேலை முன்னரே நடந்துவிடுகிறது.

அப்படியானால் இரைச்சல் எங்கிருந்து வந்தது? பாட்டு ஒலித்த கணினி ஒரு சுவரிலும் ஆம்ப்ளிஃபையர் எதிர்ச் சுவரிலும் மாட்டப்பட்டிருந்தன. இரண்டின் எர்த் கம்பிகளும் இடையிலிருந்த ஒலிக்கம்பியும் சேர்ந்து ஒரு வளையமாகி, அதில் ஓடிய சிறு மின்னோட்டமே இரைச்சலாயிற்று. இரண்டையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் மாட்டினேன், இரைச்சல் அடங்கியது. செலவு 20 வெள்ளி. இதற்காகச் சிலர் எர்த் இணைப்பையே துண்டித்துவிடுவர். அஃது உயிருக்கே உலை வைக்கும், ஒருபோதும் செய்யாதீர்கள்.

மின்சீராக்கியால் பயனே இல்லை என்று நான் வாதிடவில்லை. மின்கம்பி வழியே வரும் சில குறுக்கீடுகளை அது குறைக்கலாம். திடீர் மின்னெழுச்சியைத் தடுக்கும் அமைப்பு இருந்தால் கருவிக்குப் பாதுகாப்பும் கிட்டும். ஆனால், இடி மின்னல் மிகுந்த நம் நாட்டில், மழை இருட்டும்போதே பிளக்கைக் கழற்றிவைப்பதே அதனினும் நல்ல காப்பு. விளக்குகள் அடிக்கடி மங்கினால் அழைக்க வேண்டியவர் மின்பணியாளர், கடைக்காரர் அல்லர்.

ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றைக் கட்டுப்படுத்து என்று அறிவியல் பாடத்தில் மாறிகளைப் பற்றி மாணவர்களுக்கு நாள்தோறும் சொல்கிறோம். பணப்பையைத் திறக்கும்போது மட்டும் அதனை மறந்துவிடுகிறோம். விலை கொடுத்த காது, கொடுத்த விலைக்கேற்பவே கேட்கும். வாங்குமுன் சோதித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். வீட்டிலுள்ள பிள்ளையைத் தேர்வாளராக அமர்த்துங்கள். 900 வெள்ளி கொடுத்து நான் கற்ற பாடம் இது. நீங்கள் இலவசமாகவே கற்றுக்கொள்ளலாமே!